ஜூன் திறப்புக்கு ஏன் திருவிழா இல்லை?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஜெர்மனியில் முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பெரிய காகிதக் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் கொடுப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, "நமக்கு ஏம்ப்பா இப்படி ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாளாம். அவருக்கே இரண்டு சந்தேகம் வேறு: பள்ளி ஏன் ஜூனில் திறக்கிறது? அப்படித் திறக்கும்போது, விஜயதசமியில் ஏன் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்?

மகளிடம் சொல்லுங்கள்: நமக்கும் இருந்தது, ஆனால் ஜூனில் இல்லை. ஜூன் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து குறித்த தேதி. நம் கரையில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும் நாள் வீட்டுக்கு வீடு வேறு வேறு பஞ்சாங்கத்தில் இருந்தது. இனிப்பு, புத்துடுப்பு, ஊர்கூடல் எல்லாம் அந்த நாட்களோடு ஒட்டிக்கொண்டன. ஜூனுக்கு வாய்த்தது நோட்டு வாங்கும் பட்டியல் மட்டும்தான்.

முதலில் ஜூனைப் பார்ப்போம். ஏதோ ஆதிகாலம் முதல் ஜூனில்தான் பள்ளி திறந்தது போல நாம் பேசுகிறோம். கணித மேதை ராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதினார். 1904 தொடக்கத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் (கல்லூரியின் முதல் கட்டப் படிப்பு) சேர்ந்தார். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் படிப்பு ஆண்டு டிசம்பரில் முடிந்து ஜனவரியில் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஆண்டை முடித்து ஜூனில் புதிதாகத் தொடங்குவது பிறகு வந்த ஏற்பாடு. மே மாதத்தில் நீதிமன்றத்துக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. வெயில் தாங்காமல் அரசாங்கமே உதகைக்கு ஏறிய ஆட்சியில் உருவான பழக்கம் இது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் பாருங்கள்: இலங்கையில் இன்றும் வழக்கமாக ஜனவரியில்தான் புது வகுப்பு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டால், தங்கள் ஊரில் தைப்பொங்கலும் புது வகுப்பும் ஒரே மாதத்தில் வந்த கதையைச் சொல்வார்கள்.

கேரளத்துக்கு ஜூன் பொருந்துகிறது. மழையும் பள்ளியும் சேர்ந்தே வரும், குடை வியாபாரம் கொழிக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் இங்கே கச்சான் காற்று மண்ணை வாரி வீசும், வெயிலும் குறையாது. 2023-ல் ஜூன் 12 வரையும், 2024-ல் ஜூன் 10 வரையும் திறப்பைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் அந்த வெயில்தான்.

சரி, ஜூனுக்கு முன்னால் இங்கே பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போனார்கள்? இதைத்தான் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அந்தக் கூம்பைவிட நல்ல கதை.

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளி இருக்கிறது, யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தெரிந்தது. எல்லாம் கோவில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் நடந்தவை. பெரும்பாலான ஆட்சியர்கள் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் ஆட்சியர் கேம்ப்பெல் மட்டும் 1823-ல் ஒரு பிள்ளை முதன்முதலாகப் படிக்கத் தொடங்கும் நாளை விவரமாக எழுதி வைத்தார்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும், அவன் சேரப்போகும் பள்ளியின் வாத்தியாரையும் அங்கே படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைப்பார்களாம். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். புதுப் பிள்ளை பிள்ளையாருக்கு நேர் எதிரே. வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து தூபம் காட்டி, நல்ல புத்தி கேட்டு ஒரு வேண்டுதலைச் சொல்ல வைப்பார். பிறகு பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் சாமி பெயரை எழுத வைப்பார். பெற்றோர் தங்கள் சக்திக்கு ஏற்ப வாத்தியாருக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் காலையிலிருந்து பிள்ளை பள்ளிக்குப் போவான்.

இதில் எனக்குப் பிடித்தது, பள்ளிக்கூடமே பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்தது. மறுநாள் அவன் திண்ணையில் போய் உட்காரும்போது ஒரு முகம்கூடப் புதிதில்லை. எல்லோரும் நேற்று அவன் வீட்டுக்கு வந்தவர்கள். இன்று முதல் நாள் வாசலில் பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கேம்ப்பெல் இன்னொன்றும் எழுதுகிறார். காலை ஆறு மணிக்கே பள்ளி. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரசுவதி' என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசியாக வந்தவன் கதையை மகளுக்குச் சொல்ல வேண்டாம்!

எழுதிப் பழகியது மணலில். மணலில் கை திரும்பிய பிறகு ஓலை. பனை நம் மாவட்டத்து மரம், ஓலைக்குப் பஞ்சமில்லை. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறைதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1787-ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னால் அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே வாத்தியாராக்கினார். நன்றாக நடந்தது. 1797-ல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்தது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில்தான். வெள்ளைக்காரன் நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தான் என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்தும் ஆட வேண்டாம். பெண் பிள்ளைகள் மிகச் சிலர்தான் அதில் படித்தார்கள். சாதி பார்த்துத்தான் திண்ணை ஏற விட்டார்கள். மன்றோவின் கணக்கில் வராத பிள்ளைகள்தான் அன்றைக்கு அதிகம்.

விஜயதசமிக்கு வருவோம். முந்தின நாள் சரசுவதி பூஜையில் ஏடுகளை அடுக்கி வைப்பார்கள். அன்று படிக்கக் கூடாது (பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்). மறுநாள் ஏட்டைப் பிரித்துத் திரும்பப் படிக்கும்போது, புதுப் பிள்ளைக்கும் அன்றே முதல் எழுத்து. யாழ்ப்பாணத்தில் இதை 'ஏடு தொடக்கல்' என்பார்கள், தைப்பூசத்திலும் செய்வார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அந்த நாட்களில் நல்ல உடுப்பு உடுத்தி, வாத்தியாரோடு வீடு வீடாகப் போய்ப் பாடிக் கோலாட்டம் ஆடுவார்கள். கிடைக்கும் காசு வாத்தியாருக்கு. மாதச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லாத அவருக்கு ஆண்டின் பெரிய வருமானம் அதுதான்.

ராமநாதபுரத்தில் இந்தப் பண்டிகைக்குக் கூடுதல் கனம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை ரகுநாத சேதுபதிக்கு, மதுரைத் திருமலை நாயக்கர் ராஜராஜேசுவரி அம்மன் திருவுருவத்தையும், மதுரையைப் போலவே நவராத்திரி கொண்டாடும் உரிமையையும் கொடுத்ததாக வரலாறு. அன்றிலிருந்து அரண்மனை நவராத்திரி இந்தச் சீமையின் பெருவிழா. அரண்மனையில் ஆயுதமும் பட்டமும் பூஜையில் இருக்கும் அதே நாளில், ஊர்த் திண்ணைகளில் ஏடும் எழுத்தாணியும் பூஜையில் இருந்தன. இப்போது கல்வித்துறையே விஜயதசமி அன்று அரசுப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தச் சொல்கிறது. உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் இதுதான்: ஜூன் திறப்புக்கு முன்பே இருந்த நாள் அது. மக்கள் அதை விடவில்லை, அரசும் கடைசியில் அதோடு சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் ஒரு வீட்டுக் கதை. கீழக்கரைக்கோ பெரியபட்டினத்துக்கோ போனால் பஞ்சாங்கமே வேறு. அங்கே ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்ததும் மதரஸாக்களில் புது ஆண்டு தொடங்கும். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகள் ஜூனோடு மோதும், சில ஆண்டுகள் மாசியில் வந்து நிற்கும். பிள்ளையை முதன்முதலில் ஓதப் போடும்போது ஓதக் கற்றுத்தரும் லெப்பை 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தொடங்கி வைப்பார். சீரணி (இனிப்பு) கொடுப்பார்கள். குர்ஆனை ஓதி முடித்த அன்று இன்னொரு விருந்து. தொடக்கத்துக்கு மட்டுமில்லாமல் முடிப்பதற்கும் விழா வைத்தது இந்த வழக்கத்தில் உள்ள அழகு. தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் கீழக்கரை பெரிய ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நிறைய எழுதினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார் பலர் வீட்டுக்குள்ளேயே அந்த எழுத்தைக் கற்று வாசித்தார்கள். அரசின் எழுத்தறிவுக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

உங்கள் தங்கச்சிமடம் போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களுக்குப் பள்ளி வந்தது கோவிலோடு. 1542-ல் வந்த புனித சவேரியார் கோவாவில் கைமணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டியவர். முத்துக்குளித்துறைக் கிராமங்களிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்களைவிடப் பிள்ளைகளைப் பிடித்தால் போதும் என்பது அவர் கணக்கு. ஜூனில் பள்ளி திறக்கும் வாரம் பூசையில் பிள்ளைகளின் பேனாவையும் புத்தகத்தையும் மந்திரிக்கும் வழக்கம் சில கோவில் பங்குகளில் இருக்கிறது. ஜூன் தேதிக்கென்று தனியாக ஒரு சடங்கு உண்டான இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆங்கிலப் பள்ளியும் நம் மாவட்டத்துக்கு மிகச் சீக்கிரமே வந்துவிட்டது. தஞ்சையில் இருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் முயற்சியில் 1785 வாக்கில் தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கின. அவர் பெயர் தாங்கிய ராமநாதபுரம் பள்ளியில்தான் 1931-ல் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் உயர்நிலைப் படிப்புக்குச் சேர்ந்தார். தீவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும். ஒரு படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பள்ளி திறப்பது என்றால் வீட்டை விட்டுப் போவது என்று அர்த்தம்.

பாம்பன், மண்டபம் பக்கம் பலருக்கும் தெரிந்த ஒரு வேடிக்கை: வயதில் மூத்தவர்கள் பலருக்குச் சான்றிதழில் பிறந்த தேதி மே, ஜூனில் வரும். என்னுடையதும் ஜூன்தான், பிறந்ததோ ஐப்பசி அடைமழையில் என்று அம்மா சொல்வார். பிறப்புப் பதிவை நாடு முழுதும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததே 1969-ல்தான். அதற்கு முன் சேர்க்கை நாளில் தலைமையாசிரியர், "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. சின்னப் பிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை. ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான் கை எட்டும். காதைத் தொட்டவனுக்குச் சேர்க்கை நாளிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். உங்கள் மகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

இனி ஜூனின் உண்மையான சிக்கல். 2001 முதல் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. முதலில் 45 நாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனம் பெருக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாருங்கள், இரண்டு மாதம் படகு கரையில் நின்று, வலை பின்னி, கைக்காசு கரைந்த நேரத்தில்தான் பள்ளி திறக்கிறது. தடை முடிந்து படகு கடலுக்குப் போவதற்கு முன்பே பை, காலணி, கட்டணம், வேன் காசு எல்லாம் வந்து நிற்கும். அடகுக் கடையில் மே கடைசியில் கூட்டம் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. நிவாரணத் தொகை வருகிறது. அது அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். சாயல்குடிப் பக்கம் பனையேறும் குடும்பங்களுக்கும் இதே கதைதான். பதநீர்க் காலம் முடியாமல் தோப்பை விட்டு வர முடியாது, பிள்ளைகள் தாமதமாகத்தான் வகுப்புக்கு வருவார்கள். கடலையும் பனையையும் கேட்டுத் தேதி வைத்திருந்தால் இந்தக் கரைக்கு ஆடிக்குப் பிறகுதான் பள்ளி திறந்திருக்கும்.

அந்தக் கூம்பைப் பற்றிக் கேட்டீர்களே. அது ஜெர்மனியின் சாக்சனி, துரிங்கியா பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. வாத்தியார் வீட்டு நிலவறையில் ஒரு மரம் இருக்கிறது, அதில் மிட்டாய்க் கூம்பு காய்க்கிறது, காய் முற்றினால் நீ பள்ளிக்குப் போகும் வேளை வந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் கதை விடுவார்கள். உண்மையில் வாங்கிக் கொடுப்பது பெற்றோரும் ஞானப் பெற்றோரும். ரஷ்யாவில் செப்டம்பர் 1 அன்று பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூங்கொத்தோடு போவார்கள். ஜப்பானில் ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது தொடக்கம்; ஆறு வருடம் தாங்குகிற தோல்பை ஒன்றைத் தாத்தா பாட்டி வாங்கித் தருவார்கள்.

நம் வழக்கத்தில் இனிப்பு பிள்ளைக்கு மட்டும் போகவில்லை. பிள்ளையின் பெயரால் வாத்தியாருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் போனது. இந்தப் பழக்கம் முழுக்கச் செத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். காமராசர் ஆட்சியில், 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் மேசை, கடிகாரம், மணி, சீருடை என்று பள்ளிக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். பழைய பள்ளிகளில் 'உபயம்' என்று பெயர் எழுதிய கடிகாரமோ பீரோவோ இன்னும் நிற்கும். சமீப ஆண்டுகளில் நம் மாவட்டத்திலும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமும் 'கல்விச் சீர்' நடக்கிறது. கல்யாணச் சீர் மாதிரியே மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் நோட்டு, பேனா, பழம், பின்னால் மின்விசிறி, நாற்காலி, பீரோ, குடம், துடைப்பம் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய் அரசுப் பள்ளியில் இறக்குவார்கள். கோவில்காரர், ஜமாத்தார், பங்கு மக்கள் எல்லோரும் சேர்ந்து வரும் ஊர்களும் உண்டு. மகள் கேட்ட கேள்விக்கு இதைத்தான் முதல் பதிலாகக் காட்டலாம். உங்கள் பள்ளியில் நடந்தால் அவளை ஒரு தட்டு தூக்க விடுங்கள்.

வீட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால், திறப்புக்கு முந்தின மாலை அதே வகுப்பில் சேரும் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் அரிசி பரப்பி எல்லோரையும் 'அ' எழுத வையுங்கள். கால் கிலோ கற்கண்டு போதும்.

செலவு விஷயம் ஒன்று. அரசுப் பள்ளி என்றால் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் அரசே தருகிறது. திறந்த அன்றே எல்லாம் கைக்கு வராமல் போகலாம். அதற்குப் பயந்து மே மாதமே கடையில் மொத்தமாக வாங்காதீர்கள். ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி குச்சியும் முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். தனியார் பள்ளி என்றாலும் கோடு போட்ட நோட்டா, நாலுகோடா, எத்தனை பக்கம் என்று ஆசிரியர் சொன்ன பிறகே வாங்குங்கள். அதற்குள் ஜூன் 15 வந்துவிடும், படகும் போய் வந்திருக்கும்.